பொய் சொன்னது எலியல்ல

முதுகுத்தண்டில் அடிபட்டுக் கை கால் விழுந்தவர்களுக்காக எலியிலும் பூனையிலும் நாயிலும் மருந்தைச் சோதிப்பது வீண்வேலை என்று சொல்கிறவர்கள், தவறாமல் ஒரு கணக்கை எடுத்துக் காட்டுவார்கள். அமெரிக்காவில் 'பொறுப்புள்ள மருத்துவத்துக்கான மருத்துவர்கள் குழு' என்ற அமைப்பைச் சேர்ந்த ஆய்ஷா அக்தர், ஜான் பிப்பின், சாட் சாண்டஸ்கி மூவரும் 2009-இல் வெளியிட்ட கணக்கு அது. மீத்தைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தண்டுவடம் காயப்பட்ட விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த 62 ஆய்வுகளை அவர்கள் தொகுத்தார்கள். 34 சதவீத ஆய்வுகளில் மருந்து பலன் தந்தது. 58 சதவீதத்தில் பலன் இல்லை. மீதி 8 சதவீதத்தில் விடை இரண்டுங்கெட்டானாக இருந்தது. ஒரே மருந்துக்கு இத்தனை முரணான விடைகள் வருமானால், விலங்கை வைத்து மனிதருக்கு எது பலிக்கும் என்று சொல்ல முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய இன்னொரு கட்டுரையில் மூன்று காரணங்களை அடுக்கியிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும் காயம் வேறு, மனிதருக்கு நேரும் காயம் வேறு. விலங்கு தேறியதா என்று அளக்கும் முறை மனிதருக்குப் பொருந்தாது. இனத்துக்கு இனம், ஏன், ஒரே இனத்துக்குள் வகைக்கு வகை, காயத்தைத் தண்டுவடம் எதிர்கொள்ளும் விதம் மாறுகிறது. ஆகவே விலங்கைச் சார்ந்திருப்பதைக் குறைத்துக்கொண்டு, மனித உடலையும் மனிதச் செல்லையும் கொண்டு செய்யும் ஆய்வுக்கு நகர வேண்டும் என்றார்கள். அவர்களாவது குறைக்கச் சொன்னார்கள். அவர்களை மேற்கோள் காட்டிப் பேசுகிறவர்கள் அடியோடு ஒழிக்கச் சொல்கிறார்கள்.

இந்த வாதத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். அவர்கள் காட்டும் எண்களை மறுக்கவில்லை. அந்த எண்களை வைத்தே சொல்கிறேன்: விலங்குகள் ஒழுங்காகத்தான் பதில் சொல்லின. அந்தப் பதிலில் தங்களுக்குப் பிடித்த பகுதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நோயாளிக்கு ஊசி போட்டவர்கள் மனிதர்கள். குற்றம் செய்தவனை விட்டுவிட்டுச் சாட்சியைத் தண்டிக்கச் சொல்கிறது இந்த வாதம்.

நான் எழுதுவது இடுக்கி மாவட்டம் வட்டவடையிலிருந்து. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் அடுக்கு நிலங்கள், அவற்றுக்கு மேலே கிராண்டிஸ் எனப்படும் யூகலிப்டஸ் மரங்கள். மரம் வெட்டப் போகிறவர், கிளை கழிக்கிறவர், தேனெடுக்க ஏறுகிறவர், மழையில் வழுக்கும் சரிவில் ஜீப் ஓட்டுகிறவர் என்று எங்கள் ஊரில் முதுகு முறியும் வாய்ப்போடு பிழைப்பு நடத்துகிறவர்கள் ஏராளம். தண்டுவடக் காயத்துக்கு மருந்து வருமா, அது எந்த வழியில் வர வேண்டும் என்ற கேள்வி எங்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

அந்தக் கணக்கு சொல்வது என்ன?

தண்டுவடம் அடிபட்டால் சேதம் ஒரே நொடியில் முடிந்துவிடுவதில்லை. எலும்பு நொறுங்கி நரம்பை நசுக்குவது முதல் அடி. பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் இரண்டாவது அடி விழுந்துகொண்டே இருக்கிறது. இரத்தம் கசிகிறது, வீக்கம் ஏறுகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, செத்த செல்களிலிருந்து கொட்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் பக்கத்துச் செல்லையும் கொல்கிறது, செல்லின் கொழுப்புச் சவ்வு அரிக்கப்படுகிறது. இந்த இரண்டாவது அடியைத் தடுத்தால் மிச்சமிருக்கும் நரம்பைக் காப்பாற்றலாம். காயம்பட்டவுடன் கொடுக்கச் சொல்லும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் நம்பிக்கை இதுதான்.

1980-களில் பூனைகளில் செய்த ஆய்வுகள், ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் மீத்தைல்பிரெட்னிசோலோன் கொடுத்தால் அந்தச் சவ்வு அரிப்பு குறைகிறது என்று காட்டின. அமெரிக்காவின் தேசியத் தண்டுவடக் காய ஆய்வின் முதல் சுற்று, குறைந்த அளவில் மருந்து கொடுத்துப் பலன் காணாமல் 1984-இல் முடிந்திருந்தது. பூனையின் அளவை எடுத்துக்கொண்டு இரண்டாவது சுற்று நடந்தது. மைக்கேல் பிராக்கன் தலைமையில் 487 நோயாளிகள். 1990-இல் முடிவு வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மருந்துக்கும் போலி மருந்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. காயம்பட்ட எட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களைத் தனியே பிரித்தபோது தசை வலிமைக்கான மதிப்பெண்ணில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. கட்டுரை அச்சேறும் முன்பே அந்தச் சிறிய முன்னேற்றம் நல்ல செய்தியாக மருத்துவர்களிடம் பரப்பப்பட்டது. உலகெங்கும் அது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. கொடுக்காவிட்டால் வழக்கு வருமோ என்ற பயத்தில் கொடுத்த மருத்துவர்களும் உண்டு. 1997-இல் வந்த மூன்றாவது சுற்றில், 48 மணி நேரம் மருந்து பெற்றவர்களிடையே கடுமையான நிமோனியாவும் இரத்தத் தொற்றும் கூடுதலாக இருந்தன. 2013-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டி, இந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துப் பார்க்கலாம் என்று 2017-இல் இன்னொரு சர்வதேசக் குழு சொன்னது. விவாதம் இன்னும் முடியவில்லை.

இப்போது அந்த மூவரின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 62 விலங்கு ஆய்வுகளில் பெரும்பான்மை சொன்ன விடை: பலன் இல்லை. 487 மனிதர்களை மொத்தமாகப் பார்த்தபோது கிடைத்த விடை: பலன் தெரியவில்லை. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. விலங்குகள் மனிதரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று நிரூபிக்கக் கொண்டுவந்த சான்று, விலங்குகள் சரியாகச் சொல்லியிருந்தன என்றல்லவா காட்டுகிறது? பலன் தந்த மூன்றில் ஒரு பங்கை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மனிதரிடம் போனவர்கள் யார்? மனிதருக்கு ஊசி போட்ட பிறகும் அதே மருந்தை எலியில் சோதித்துக்கொண்டிருந்தவர்கள் யார்? முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பிறகு கேட்டது எலியின் பிழையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூனையையும் எலியையும், ஐந்தாம் நிமிடத்தில் கொடுத்ததையும் மணிக்கணக்கில் தாமதித்துக் கொடுத்ததையும், வெவ்வேறு அளவுகளையும் ஒன்றாகக் கொட்டி எத்தனை ஆதரவு, எத்தனை எதிர்ப்பு என்று தலை எண்ணுவது மருந்தை எடைபோடும் முறை அல்ல. சின்ன ஆய்வுக்கும் பெரிய ஆய்வுக்கும், ஒழுங்காகச் செய்ததற்கும் அரைகுறைக்கும் ஒரே வாக்கு கொடுக்கும் முறை அது. இந்தக் குறையுள்ள கணக்குகூட அவர்கள் பக்கம் நிற்கவில்லை.

மூன்று காரணங்களும் மூன்று பதில்களும்

முதல் காரணம், காயம் வேறு என்பது. மயக்க மருந்து கொடுத்து, முதுகெலும்பின் ஒரு பகுதியைத் திறந்து, 10 கிராம் கம்பியைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து தண்டுவடத்தின் மேல் விழவைத்து உண்டாக்கும் காயம் அது. மரத்திலிருந்து விழுந்தவரின் முதுகு அப்படி முறிவதில்லை என்பது உண்மை. ஆனால் எல்லா எலிக்கும் ஒரே அடி விழுந்தால்தானே மருந்து பெற்ற எலியையும் பெறாத எலியையும் ஒப்பிட முடியும்? 1911-இல் ஆல்ஃபிரட் ஆலன் நாய்களில் எடையை விழவைத்துச் சோதித்த நாள் முதல் இந்த முறையின் நோக்கம் அதுதான். இயற்கையான காயத்தில்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. முதுகுத் தட்டு பிதுங்கித் திடீரென்று பின்னங்கால் விழுந்து, உரிமையாளர்களால் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கி வரப்பட்ட வளர்ப்பு நாய்களில் இதே ஸ்டீராய்டையும் இன்னொரு மருந்தையும் போலி மருந்தோடு ஒப்பிட்டு, குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். 2016-இல் முடிவு வந்தது: இரண்டு மருந்துக்கும் பலன் இல்லை. யாரும் அந்த நாய்களைக் காயப்படுத்தவில்லை. ஒழுங்காகக் கேட்டபோது நாய் உண்மையைச் சொன்னது.

இரண்டாவது காரணம், அளவுகோல் பொருந்தாது என்பது. எலி எப்படி நடக்கிறது என்று பார்த்து 0 முதல் 21 வரை மதிப்பெண் போடும் முறை 1995 முதல் இந்தத் துறையின் பொது அளவுகோலாக இருக்கிறது. நாலு காலில் நடக்கும் எலியின் தண்டுவடம், மூளையின் துணை பெரிதாக இல்லாமலே ஓரளவு அடியெடுத்து வைக்கும். மனிதரால் அது இயலாது. இந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் எலியை நடக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னது யார்?

எங்கள் பஞ்சாயத்தில் ஒரு வீடு. கிராண்டிஸ் கிளை முறிந்து விழுந்தவர் கட்டிலில் கிடக்கிறார். விடிவதற்கு முன்னால் அவர் மனைவி அடுப்பில் தண்ணீர் காயவைத்து, டியூபைக் கழுவி, அவருடைய மூத்திரத்தை எடுத்துவிட்டுத்தான் பூண்டுக் காட்டுக்குப் போகிறார். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது அதைச் செய்தாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் படுக்கைப் புண் பிடித்து எலும்பு வரை இறங்கிவிடும். நடக்க வேண்டும் என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "நடக்கெல்லாம் வேணாம்ங்க. மூத்திரம் முட்டுறது எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். இது அவர் ஒருவரின் ஆசை அல்ல. அமெரிக்காவில் கிம் ஆண்டர்சன், தண்டுவடக் காயம்பட்ட 681 பேரிடம் கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்கள் முதலில் கேட்டது கைவிரல் அசைவை, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் முதலில் கேட்டது தாம்பத்திய வாழ்வை. மூத்திரம், மலம் கட்டுப்பாட்டுக்கு வருவது இரு தரப்பினருக்கும் பெரிய தேவையாக இருந்தது.

தண்டுவடம் அடிபட்ட எலிக்கும் தானாக மூத்திரம் போவதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் நாளுக்கு இரண்டு மூன்று முறை அதைக் கையிலெடுத்து, அடிவயிற்றை மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். அந்த எலியின் மூத்திரப்பை எந்த நாளில் தானாக வேலை செய்யத் தொடங்கியது என்று எழுதிவைக்க ஒரு நோட்டு போதும். எங்கள் வீடுகள் கேட்கும் கேள்விக்கு எலியிடம் பதில் உண்டு. கேட்காமல் விட்டது ஆய்வாளரின் குற்றம். அந்தக் குற்றத்துக்குத் தீர்வு சரியானதை அளப்பது. அளப்பதையே நிறுத்துவது தீர்வாகாது.

மூன்றாவது காரணம், இனத்துக்கு இனம் மாறுகிறது என்பது. மாறத்தான் செய்கிறது. காயப்பட்ட இடத்தில் எலிக்கும் மனிதருக்கும் நீர் நிறைந்த பொந்து உண்டாகிறது, சுண்டெலிக்கு உண்டாவதில்லை. இந்த வேறுபாடு நமக்கு எப்படித் தெரிந்தது? இரண்டையும் ஆராய்ந்ததால் தெரிந்தது. ஓர் இனத்தில் பலித்ததை வைத்து அவசரப்படாதே, இன்னோர் இனத்திலும் பார்த்துவிட்டு மனிதரிடம் போ என்பதுதான் இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம். எந்த இனத்திலும் பார்க்காதே என்ற முடிவை இதிலிருந்து எந்தத் தர்க்கத்தாலும் எடுக்க முடியாது.

குற்றவாளிகள் யார்?

விலங்கில் ஜெயித்து மனிதரில் தோற்ற மருந்துகளின் பட்டியலை நான் மறைக்கப் போவதில்லை. ஜிஎம்-1 கேங்கிலியோசைடு, 1991-இல் ஒரு சின்ன ஆய்வில் பெரிய நம்பிக்கை தந்து, 2001-இல் 700-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் முதன்மை இலக்கை எட்டாமல் போனது. நரம்பு வளர்ச்சிக்குத் தடையாக இருக்கும் புரதத்தைக் கட்டிப்போடும் என்று எதிர்பார்த்த விஎக்ஸ்-210, பயனில்லை என்று 2018-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ரிலுசோலின் ஆய்வு, திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமலே முடிந்து, 2023-இல் வெளியானபோது முதன்மை இலக்கில் வெற்றி இல்லை.

ஏன் தோற்றன? காரணத்தை அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனமே தேடிப் பார்த்தது. மற்றவர்கள் வெற்றி என்று அறிவித்த விலங்கு ஆய்வுகளை அப்படியே திரும்பச் செய்து பார்க்க 2003 முதல் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்தது. இர்வைனிலும் மயாமியிலும் ஒஹாயோவிலும் அவற்றைச் செய்து பார்த்தார்கள். ஆஸ்வால்ட் ஸ்டுவர்டும் கூட்டாளிகளும் 2012-இல் எழுதிய தொகுப்பு, அவற்றில் பெரும்பாலானவை திரும்ப நிகழவில்லை என்று பட்டவர்த்தனமாகச் சொன்னது. அதாவது, மனிதரிடம் போகும் முன்பே, இரண்டாவது எலியிடமே அந்த மருந்துகள் தோற்றிருக்கும். இரண்டாவது எலியிடம் கேட்டவர்கள் குறைவு.

மருந்து பெற்ற எலி எது என்று தெரிந்துகொண்டே மதிப்பெண் போடுவது. குலுக்கல் இல்லாமல் எலிகளைப் பிரிப்பது. எட்டுப் பத்து எலிகளில் முடித்துக்கொள்வது. பலன் வராத ஆய்வை இழுப்பறையில் பூட்டிவைப்பது. பக்கவாதத்துக்கான விலங்கு ஆய்வுகளை எமிலி சேனா குழுவினர் 2010-இல் அலசியபோது, வெளிவராமல் புதைந்த ஆய்வுகளால் மருந்துகளின் பலன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஊதிப் பெருக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இவை எல்லாம் மனிதர் செய்த காரியம்.

இவற்றோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காயம்பட்ட ஐந்தாவது நிமிடத்தில், பதினைந்தாவது நிமிடத்தில், அரைமணியில் எலிக்கு மருந்து ஏறுகிறது. வட்டவடையில் மரத்திலிருந்து விழுந்தவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே மலைக் குடியாக இருந்தால் கம்பில் துணிகட்டித் தூக்கி ஜீப் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து பாம்பாடும்சோலைக் காடு, டாப் ஸ்டேஷன், குண்டளை, மாட்டுப்பட்டி வழியாக மூணாறுக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மூணாறிலிருந்து தண்டுவட அறுவைக்கு வசதியுள்ள கோட்டயத்துக்கோ எர்ணாகுளத்துக்கோ நூறு கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்க வேண்டும். பலகையில் நேராகக் கிடத்தாமல் போர்வையில் மடித்துத் தூக்கினால் வழியிலேயே மிச்ச நரம்பும் அறுந்துபோகும். பதினைந்தாவது நிமிடத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எலியிடம் கேட்டார்கள், எலி அதற்குப் பதில் சொன்னது. ஏழாவது மணியில் கொடுத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் கேள்வி. அதையும் எலியிடம்தான் கேட்க வேண்டும். வேறு யாரிடம் கேட்பீர்கள்?

எலிக்குப் பதில் யார்?

இந்த வாதத்தின் மிகப் பெரிய அநியாயம் இங்கேதான் இருக்கிறது. எலியை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. முதல் ஊசி யாரோ ஒருவரின் உடலில் ஏறியே தீரும். யாருடைய உடல் அது என்று கேரளத்துக்குத் தெரியும்.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000-இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் மருந்தை வாய்ப் புற்றுநோயாளிகள் 25-க்கும் மேற்பட்டோரின் உடலில் ஏற்றினார்கள். அங்கே பணியாற்றிய மருத்துவர் ஒருவரே குரல் எழுப்பியதால் 2001-இல் அது வெளியே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தன் விசாரணை முடிவை வெளியிட்டது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கவில்லை. மனிதருக்குச் செலுத்தும் முன் விலங்குகளில் போதுமான பாதுகாப்புச் சோதனை நடக்கவில்லை. விலங்கைத் தாண்டிக்கொண்டு மனிதரிடம் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அது பாஸ்டனிலோ ஜெனீவாவிலோ நடக்கவில்லை. நம் நோயாளிகளின் வாயில் நடந்தது. மருந்து ஆய்வுகளில் ஏழைகள் பயன்படுத்தப்படுவதை எதிர்த்து இந்தூரின் ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் தொடுத்த வழக்கில், 2013-இல் உச்ச நீதிமன்றம் நோயாளியின் சம்மதத்தை வீடியோவில் பதிவுசெய்ய உத்தரவிட வேண்டிய நிலைமை வந்தது ஏன் என்று விலங்கு ஆய்வு ஒழிப்பாளர்கள் யோசிக்கட்டும்.

அதே திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்திய இதய வால்வு உருவானது. முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. சில பட்டறைச் சோதனையில் தோற்றன, சில ஆட்டின் உடலில் தோற்றன. அந்தத் தோல்விகளை மறைக்காமல் ஏற்றுக்கொண்டு, பொருளை மாற்றி, மறுபடியும் ஆட்டில் பொருத்திப் பார்த்து, நான்காவது மாதிரியை 1990 டிசம்பரில்தான் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். இன்று அந்த வால்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இதயத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆட்டில் உடைந்த வால்வு மனிதரில் உடைந்திருந்தால் அந்த மனிதர் யாராக இருந்திருப்பார்? அரசு மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த ஓர் ஏழை.

மனிதரில் நேரடியாக உண்மையைத் தேடுவதன் விலையை இன்னொரு ஆய்வும் காட்டியது. தலைக்காயத்துக்கு இதே மீத்தைல்பிரெட்னிசோலோனைக் கொடுத்து, 10,008 பேரிடம் நடந்த 'கிராஷ்' ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 21 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். பல ஆண்டுகளாக நல்ல எண்ணத்தோடு கொடுத்துவந்த மருந்து உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. மனித ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவே இறுதித் தீர்ப்பு. அதற்கு முன்னால் நிற்கும் தடுப்புகளை இடித்துத் தள்ளாதீர்கள் என்கிறேன்.

'சிப்' மேல் வளர்க்கும் செல்கள், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் குட்டி உறுப்புகள் இருக்கின்றனவே என்பார்கள். இந்தியாவில் 2023-இல் மருந்து ஆய்வு விதிகளைத் திருத்தி அவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஒரு மருந்து செல்லுக்கு நஞ்சா என்று அவை சொல்லும். அந்த அளவுக்கு விலங்குகள் தப்பட்டும். ஆனால் இரத்த ஓட்டம் குறைந்து, வீங்கி, எதிர்ப்புச் செல்கள் நுழைந்து, மூளையிலிருந்து இடுப்பு வரை ஓடும் நீண்ட நரம்பு அறுந்து, அதனால் மூத்திரப்பை செயலிழக்கும் நிகழ்வு முழுவதையும் நிகழ்த்திக் காட்டும் சிப் இன்று இல்லை. இல்லாத ஒன்றை நம்பி இருப்பதை ஒழிக்கச் சொல்வது பொறுப்பான பேச்சல்ல.

எலிக்குச் செலவழிக்கும் பணத்தை மறுவாழ்வுக்குக் கொடுங்கள் என்பது இன்னொரு வாதம். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தைக் கட்டியெழுப்பிய மேரி வர்கீஸை வணங்குகிறவன் நான். மறுவாழ்வுக்கு இன்னும் நிறையப் பணம் வேண்டும். ஆனால் மறுவாழ்வு மையங்களில் உடலைத் தொங்கவிட்டு ஓடுபட்டையில் நடைபழக்குகிறார்களே, அது எங்கிருந்து வந்தது? தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனை பயிற்சியால் பின்னங்காலில் அடியெடுத்து வைக்கும் என்று 1980-களில் கண்டறிந்ததிலிருந்து வந்தது. தண்டுவடத்தின் மேல் மின்தூண்டல் கொடுத்து, செயலிழந்த ஓர் இளைஞர் எழுந்து நின்ற செய்தி 2011-இல் வந்ததே, அதற்கும் வழி எலியிலும் பூனையிலும் போடப்பட்டது. எந்த மறுவாழ்வைக் காட்டி விலங்கு ஆய்வை மறுக்கிறார்களோ, அதற்குள்ளேயே விலங்கு ஆய்வு இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

விலங்கின் வலி எனக்குப் பொருட்டல்ல என்று யாரும் நினைக்க வேண்டாம். மயக்கம் தெளிந்து பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகரும் எலி துன்பப்படுகிறது. அந்தத் துன்பத்தை நியாயப்படுத்துவது ஒன்றே ஒன்றுதான்: அதிலிருந்து நம்பத்தகுந்த ஒரு விடை கிடைக்க வேண்டும். விடை கிடைக்காத விதத்தில் செய்யும் ஆய்வும், கிடைத்த விடையைப் புதைக்கும் ஆய்வும் வெறும் கொடுமை. அவற்றை ஒழிக்க நானும் கூட வருகிறேன்.

மனித மருந்து ஆய்வு எதுவும் தொடங்கும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். விலங்கு ஆய்வுக்கும் அப்படிப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேடு ஒன்று கட்டாயமாக வேண்டும். எத்தனை விலங்கு, எந்த மருந்து, எத்தனையாவது மணியில், எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்று தெரியாத ஒருவரே மதிப்பெண் போட வேண்டும். வேறொரு ஆய்வுக்கூடம் திரும்பச் செய்து பார்க்காத எந்த மருந்தும் மனிதரிடம் வரக்கூடாது. ஒவ்வொரு ஆய்விலும் மூத்திரப்பையையும் வலியையும் அளக்க வேண்டும். விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நிறுவன நெறிமுறைக் குழுக்கள் கூண்டின் அளவைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஆய்வின் கட்டமைப்பையும் பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விலங்கு ஆய்வை ஒழிக்கக் கையெழுத்து கேட்டு உங்களிடம் யாராவது வந்தால் மரியாதையோடு உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எலிக்குப் பதிலாக முதல் ஊசி யாருக்கு? அதற்கு நேரான பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.